சுவரில் மாட்டாத படம்

சாத்தூருக்குத் தெற்கே கோவில்பட்டி, மேற்கே சிவகாசி. கோவில்பட்டியில் வரைந்தார்கள், சிவகாசியில் அச்சடித்தார்கள். தமிழ் வீடுகளில் தலைமுறைகளாகக் கும்பிடப்படுகிற லட்சுமிக்கும் முருகனுக்கும் மீனாட்சிக்கும் முகம் கொடுத்ததில் இந்தக் கரிசல் வட்டாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்குக் காரணமான மனிதர் இந்த மண்ணில் பிறந்தவர் அல்ல. வழிப்போக்கராக வந்தவர்.

சி. கொண்டையராஜு 1898-இல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். திருவண்ணாமலைக்குப் போய் ரமணர் ஆசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியோடு சேர்ந்து, திரைச்சீலை எழுதிக்கொண்டே ஊர் ஊராகப் போனார். 1940-களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. அவர் அங்கேயே தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டி.எஸ். சுப்பையா போன்ற சீடர்களோடு 1976-இல் கண்மூடும் வரை கோவில்பட்டிக்காரராகவே வாழ்ந்தார்.

அவர் வந்து நின்ற இடத்துக்கு அவருடைய தேவை இருந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக அச்சகங்கள் வந்தன. அச்சகங்களுக்குக் காலண்டர் படம் வேண்டியிருந்தது. அதுவரை மேடைக்குப் பின்னால் தொங்கிய ஓவியம் வீட்டுச் சுவருக்கு வந்தது.

அவர் படம் ஒன்றைப் பழைய கண்ணாடிச் சட்டத்தோடு கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். பின்னால் தூண்கள், வளைவு, ஓரமாக இழுத்துக் கட்டிய திரை, அதற்கும் அப்பால் மங்கலாக ஒரு நந்தவனம். நாடக மேடை அப்படியே வந்து இறங்கியிருக்கும். அட்டிகையில் கல் கல்லாக எண்ணலாம். புடவைக் கரையில் சரிகை மின்னும். எல்லாவற்றுக்கும் மேலே அந்த முகம், நேராக நம்மைப் பார்க்கும். அடுப்படியில் நின்றாலும் வாசலில் நின்றாலும் அந்தக் கண் கூடவே வரும். சிவகாசி 1899-இல் கோயில் நுழைவுக்காக ரத்தம் சிந்திய ஊர். மதுரை மீனாட்சி கோயில் எல்லோருக்குமாகத் திறந்தது 1939-இல்தான். அப்படிப்பட்ட நாட்டில், தாளில் அச்சான அம்மன் சாதி கேட்காமல் எந்தக் குடிசைக்குள்ளும் வந்து அமர்ந்தாள். ஓர் ஓவியர் செய்த காரியங்களில் இதைவிடப் பெரிதாக வேறொன்றை நான் மதிப்பதில்லை.

ஆனாலும் கொண்டையராஜுவை நினைக்கும்போதெல்லாம் இன்னொரு ஊர்சுற்றி ஓவியர் மனதுக்குள் வந்து நிற்கிறார். ரஷ்யாவின் வசீலி வெரெஷ்சாகின். 1842-இல் பிறந்தவர். தூரிகையோடு பேனாவும் பிடித்தவர். போர் முனைகளையும் பயணங்களையும் புத்தகங்களாக எழுதியவர். 1874-இல் இந்தியாவுக்கு வந்து தாஜ்மகாலைத் தீட்டினார், இமயமலைப் பனியில் ஏறினார். வேல்ஸ் இளவரசர் யானைமேல் ஜெய்ப்பூருக்குள் நுழைகிற அவருடைய பிரம்மாண்டமான ஓவியம் இன்றும் கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் இருக்கிறது.

அந்தப் பகட்டுக்காக அவரை நான் நினைப்பதில்லை. வெடிமருந்து மனித உடம்பை என்ன செய்யும் என்று அறிந்தவர் அவர். 1868-இல் சமர்கந்து முற்றுகையில் தானே துப்பாக்கி ஏந்திச் சண்டையிட்டார், வீரப் பதக்கமும் பெற்றார். அதற்குப் பிறகு அவர் வரைந்தது வெற்றி ஊர்வலத்தை அல்ல. வெயிலில் குவிந்த மண்டையோட்டு மலையை வரைந்து, உலகின் எல்லா வெற்றி வீரர்களுக்கும் காணிக்கை என்று அதன் சட்டத்தில் எழுதினார். 1857 கிளர்ச்சிக்குப் பழிவாங்க ஆங்கிலேயர் இந்தியச் சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டி நிறுத்தியதை வரைந்தார். அந்த மூல ஓவியம் இன்று எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

‘மறக்கப்பட்டவன்’ என்று ஒன்று வரைந்தார். படை போய்விட்டது. செத்த சிப்பாய் ஒருவன் வெட்டவெளியில் மல்லாந்து கிடக்கிறான். கழுகுகள் இறங்குகின்றன. தன் ராணுவம் தன் ஆளை இப்படியா விட்டுப்போகும் என்று தளபதி கோபப்பட்டார். பழி தாங்காமல் வெரெஷ்சாகின் அந்தப் படத்தையும் கூடவே இரண்டையும் தன் கையாலேயே எரித்துவிட்டார். ஓவியம் சாம்பலானது, அதன் புகைப்படம் தப்பியது. 1904-இல் ஆர்தர் துறைமுகத்துக்கு அருகே அவர் ஏறியிருந்த போர்க்கப்பல் ஜப்பானியரின் கடல் கண்ணிவெடியில் சிக்கியது. போரைப் பார்த்து வரையப் போனவர் கப்பலோடு போனார்.

‘மறக்கப்பட்டவன்’ என்ற அந்தத் தலைப்பு எனக்குச் சமர்கந்தை நினைவூட்டுவதில்லை, அச்சங்குளத்தைத்தான் நினைவூட்டுகிறது. சாத்தூர் அருகே உள்ள அந்த ஊரில் 2021 பிப்ரவரி 12 அன்று பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முன் 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள். இடையிலும் பின்னும் ஒன்று, இரண்டு, ஐந்து என்று பத்திரிகையின் உள்பக்கத்தோடு முடிந்துபோன சாவுகள். மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டது என்று ஒரு வரி வரும். நிவாரணத் தொகை வரும். அடுத்த வாரம் வேறு செய்தி வரும்.

வெடியாபீஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த வருஷங்களில் இங்கே உலை கொதித்தது அந்தக் கூலியால்தான். சாயங்காலம் வேலை விட்டுத் திரும்புகிற பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். அலுமினியப் பொடி படிந்து வெள்ளியாய் மின்னுகிற கைகள் கம்பியைப் பிடித்திருக்கும். நகக்கண்ணிலும் காது மடலிலும் அந்தப் பொடி இருக்கும். தேய்த்துக் குளித்தாலும் முழுதாகப் போகாது. அந்தக் கைகள்தான் நாடு முழுக்கத் தீபாவளியை அனுப்புகின்றன. தீப்பெட்டியாபீஸ் பிள்ளைகளைப் பூமணி ‘கருவேலம் பூக்கள்’ மூலம் திரைக்குக் கொண்டுவந்தார். ஆனால் இந்தக் கைகள் வரையப்பட்ட ஒரு படத்தை எங்கள் ஊர் வீட்டுச் சுவர் எதிலும் நான் பார்த்ததில்லை.

எவ்வளவோ நாள் இதை யோசித்து எனக்குப் புலப்பட்டது இவ்வளவுதான். கொண்டையராஜுவின் அம்மன் நம்மைப் பார்க்கிறாள், அந்தப் பார்வை வேண்டித்தான் சுவரில் மாட்டுகிறோம். வெரெஷ்சாகினின் சிப்பாயால் யாரையும் பார்க்க முடியாது, அவனை நாம்தான் பார்த்தாக வேண்டும். முதல் பார்வை நமக்குத் தைரியம் தருகிறது. இரண்டாவது பார்வை நம்மிடம் கணக்குக் கேட்கிறது, அதனால்தான் அந்தப் படத்தை வைத்திருக்க யாருக்கும் மனம் வருவதில்லை. தைரியம் மட்டும் கிடைத்து, கணக்கு கேட்கப்படாத ஊரில் விபத்து விதியாகிவிடுகிறது. அறைக்கு நாலு பேருக்கு மேல் ஏன் உட்கார வைத்தீர்கள், உரிமம் பெற்றவர் ஆலையை ஏன் இன்னொருவருக்குக் குத்தகைக்கு விட்டார் என்ற கேள்விகள் எழுவதற்கு, செத்தவர்களின் முகம் நம் கண்ணெதிரே இருக்க வேண்டும்.

ஓவியப் பிள்ளைகளே, இதற்காக நீங்கள் சமர்கந்துக்குப் போக வேண்டாம். சாத்தூரில் இறங்கி, தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அந்தச் சாயங்கால பஸ்ஸில் ஏறுங்கள். சிவகாசி அச்சகக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தொழில் தீப்பெட்டி லேபிளில் தொடங்கியது. வருகிற ஆண்டு மாதக் காலண்டரில் பதினொரு தாளில் சாமி படம் இருக்கட்டும். பிப்ரவரித் தாளை மட்டும் அச்சங்குளத்துக்குக் கொடுங்கள்.