உட்காருவது

நீடாமங்கலத்திலிருந்து அம்மாவை வடுவூர் ஏரிக்குக் கூட்டிப் போனேன். 1999இல் பறவைகள் சரணாலயமான ஏரி. 2022இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. கரையில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. “யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாடா?” என்றாள். நாற்பது வருசம் சேத்தில் நின்ற கால்கள்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? 1937 டிசம்பரில் இதே நீடாமங்கலத்தில், காங்கிரஸ் மாநாட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட நம்ம ஜனங்களை அடித்தார்கள், மொட்டையடித்தார்கள், சாணிப்பால் ஊற்றினார்கள். குற்றம், உட்கார்ந்தது.

கடல் தாண்டி வரும் பறவையை விருந்தாளி என்கிறோம். காலங்காலமாய் இங்கேயே கிடக்கிறவர்களுக்கு என்ன பெயர்? இயற்கையை ரசிக்க மனசு வேண்டும் என்கிறார்கள். மனசு அப்புறம். முதலில் பயமில்லாமல் உட்கார ஓர் இடம் வேண்டும். அதுவும் உரிமைதான், யாரும் போடுகிற பிச்சை இல்லை.

பொழுது சாய்கையில் அம்மா உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றவில்லை.