வந்தவர்க்கும் வாயுண்டு

கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கங்களில் உழைத்தோரில் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள். அந்நாளில் தங்கவயல் மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அவர்களோ சென்னை மாகாணத்தார். வேலையும் குடியிருந்த குடிசையும் கம்பெனியின் கையில் இருந்தன. வாய் திறந்தால் இரண்டையுமே இழக்க நேரிடலாம். ஆயினும், தங்கள் விரல்ரேகையைப் பதிவு செய்யும் முறையை எதிர்த்து 1930-ஆம் ஆண்டில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பிழைக்க வந்த இடத்தில் குறை சொல்லும் உரிமை ஒருவனுக்கு உண்டா? அவர்களது செயல் எழுப்பும் இக்கேள்வி, நாடு விட்டு நாடு சென்று வாழ்வோர் விஷயத்தில் இன்னும் கடுமையாகிறது.

நமது அரசியல் சாசனம் இதில் ஒரு கோடு வகுத்துள்ளது. பேச்சுரிமை தரும் 19-ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டுமே உரியது. சட்டத்தின்முன் சமத்துவம் கூறும் 14-ஆம் பிரிவும், உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆம் பிரிவும் மனிதர் அனைவருக்கும் பொதுவானவை. அயல்நாட்டாரை வெளியேற்றும் அரசின் அதிகாரம் கட்டற்றது என்று 1955-இல் ஹான்ஸ் முல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. குடிமக்கள் அல்லாதோரின் உயிரையும் அரசு காக்க வேண்டும் என்று 1996-இல் சக்மா அகதிகள் வழக்கில் அதே நீதிமன்றம் வலியுறுத்தியது. ஆக, வந்தவரின் உயிருக்குக் காவல் உண்டு. அவரது சொல்லுக்கு அத்தகைய காவல் இல்லை.

‘விருந்தினர் வீட்டாரைக் குறை கூறலாமா?’ என்று சிலர் கேட்பர். யாரை அனுமதிப்பது என்பதை முடிவு செய்யும் உரிமை வீட்டாருக்கு உண்டு என்பது உண்மையே. கலகத்தைத் தூண்டுபவர் எவராயினும் தண்டனைக்கு உரியவரே. ஆனால் பல்லாண்டுகள் உழைத்து, வரியும் செலுத்தி வாழ்பவரை வெறும் விருந்தினர் என்று கூறிவிட முடியுமா?

மேலும், சொல் என்பது சொல்பவனுக்கு மட்டும் உரியதன்று; கேட்பவனுக்கும் அதில் பங்குண்டு. ‘பாம்பே கிரானிக்கிள்’ ஆசிரியர் ஹார்னிமன் ஆங்கிலேயர், பிரிட்டிஷ் பிரஜையே. எனினும், அரசின் அடக்குமுறையைக் கண்டித்து எழுதிவந்த அவரை 1919-இல் ஆங்கில அரசு இந்தியாவிலிருந்து வெளியேற்றியது. அவர் இழந்தது வாழ்ந்த ஊரை. இந்தியர் இழந்ததோ தங்களுக்காக ஒலித்த ஒரு குரலை.

யாரைத் தங்கவிடுவது என்பது அரசின் முடிவு. உண்மை பேசியதற்குத் தண்டனையாக ஒருவரை வெளியேற்றுவது வேறு. சட்டம் அதற்கு இடம் தரலாம், அறம் தராது. ‘இவன் எந்த ஊரான்?’ என்று கேட்குமுன் ‘இவன் சொல்வது மெய்தானா?’ என்று கேட்பவனே விவேகி. 2001-இல் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று பிழைக்க வந்தோரின் சந்ததியர் இன்று அம்மண்ணின் குடிமக்களாகப் பேசுகின்றனர். அவர்களின் முன்னோர் பேசியபோது அச்சொல்லுக்கு மதிப்பு குறைவாகவா இருந்தது?