தூக்க நாலு பேர்

எவ்வளவு சாமர்த்தியமாக வாழ்ந்தவரும் தன் பிணத்தைத் தானே சுமந்துகொண்டு சுடுகாட்டுக்குப் போக முடியாது. ‘போகும்போது தூக்க நாலு பேர் வேணும்டா’ என்று எங்கள் ஊர்ப்பக்கம் அடிக்கடி சொல்வார்கள். பங்காளிச் சண்டையில் பேச்சுவார்த்தை அறுந்த வீட்டுக்கு அது மிரட்டல். யார் வீட்டு விசேஷத்துக்கும் போகாமல் ஒதுங்கி நிற்பவனுக்கு அறிவுரை. இளவயதில் நான் காதில் வாங்கியதில்லை. இப்போது இரவில் தூக்கம் வராமல் புரளும்போது, என் நாலு பேர் யார் யார் என்று மனசு எண்ணிப் பார்க்கிறது. சாவைவிட அந்தக் கணக்குதான் பயமாக இருக்கிறது.

*

எரிப்பதா, புதைப்பதா? சிறுவயதில் எனக்கு இரண்டும் பயம். நெருப்பை நினைத்தால் சுடும். மண்ணை நினைத்தால் மூச்சு முட்டும். செத்தவருக்குச் சூடும் தெரியாது, மூச்சும் கிடையாது என்று புத்தி சொல்லும். உடம்பு கேட்காது. நான் இல்லாமல் போவதை எப்படிக் கற்பனை செய்தாலும், உள்ளே ஒரு ‘நான்’ கண் விழித்தபடி படுத்திருக்கிறேன்.

அப்பத்தாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். வெற்றிலை இடித்துக்கொண்டே சொல்வாள்: “என்னைய எரிச்சிருங்கப்பா. மண்ணுக்குள்ள போட்டா ஐப்பசி மழைக்கு ஈரம் ஏறும். எனக்குச் சளி ஒத்துக்காது.” நாங்கள் சிரிப்போம். அப்பா மட்டும் சிரித்ததில்லை.

அவளை மூட்டம் போட்டுத்தான் எரித்தார்கள். விறகு அடுக்கி, உடலைக் கிடத்தி, மேலே வரட்டி வைத்து, வைக்கோல் பரப்பி, அதன்மேல் குழைத்த களிமண்ணைப் பூசி மெழுகினார்கள். முகத்தை மட்டும் கடைசிவரை மூடவில்லை. “முகம் பாக்குறவங்க பாத்துக்கங்க” என்று குரல் வந்தது. அப்புறம் அதையும் மூடினார்கள். அப்பா தோளில் நீர்க்குடத்தோடு மூன்று சுற்று வந்தார். சுற்றுக்கு ஒரு துளையாகக் குடத்தைக் கொத்தினார்கள், தண்ணீர் பீச்சியடித்தது. குடத்தைப் பின்னால் போட்டு உடைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொள்ளி வைத்தார். சுற்றிலும் விட்டிருந்த துளைகளில் புகை மெல்லக் கசிந்தது.

மறுநாள் பால் தெளிக்கப் போனபோது மண் வெந்து, சிவந்து, வெடித்திருந்தது. அதை நீக்கி எலும்பு பொறுக்கினார்கள், காலில் தொடங்கித் தலைவரைக்கும். சுண்டுவிரல் நீளத் துண்டு ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். கனமே இல்லை. இது அப்பத்தா இல்லை என்று தோன்றியது. அதுவே ஆறுதலாகவும் இருந்தது.

*

‘நம்ம வழக்கம் எரிக்கிறதுதான்’ என்று அடித்துச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வேடிக்கையாக இருக்கும். மணிமேகலை காட்டும் புகாரின் சுடுகாட்டில் சுடுகிறவர்கள் உண்டு, வெறுமனே இட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு, குழியில் புதைக்கிறவர்கள் உண்டு, தாழ்ந்த இடத்தில் அடைக்கிறவர்கள் உண்டு, தாழியால் கவிக்கிறவர்களும் உண்டு. ஒரே ஊர், ஐந்து வழி. புறநானூற்றின் 256ஆம் பாட்டில், கணவனை இழந்த பெண் குயவனிடம் தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனையச் சொல்கிறாள். ஆதிச்சநல்லூரிலும், கீழடியை அடுத்த கொந்தகையிலும் அப்படிப்பட்ட தாழிகள் மண்ணிலிருந்து வெளியே வந்திருக்கின்றன. இறந்தவரைச் சுடக்கூடாது, புதைக்கத்தான் வேண்டும் என்று வள்ளலார் வற்புறுத்தினார். எரிக்கிற வழக்கமுள்ள சாதிகளிலும் பச்சைக் குழந்தையையும் துறவியையும் மண்ணுக்குத்தான் கொடுக்கிறார்கள்.

புதைப்பதில் ஒரு வசதி, போய் நிற்க இடம் இருக்கிறது. மெரினாவில் எம்.ஜி.ஆர். சமாதியில் காதை வைத்து, உள்ளே கைக்கடிகாரம் ஓடுகிறதா என்று கேட்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர் இறந்தது 1987இல். எந்தக் கடிகாரமும் இத்தனை வருஷம் ஓடாது என்று அவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் குனிகிறார்கள். நாங்கள் அப்பத்தாவுக்காகக் குனிவதற்கு இடமில்லை. சாம்பலை ஆற்றில் கரைத்தாயிற்று.

*

நகரத்தில் எரிவாயு தகன மேடை. ஆதார் நகல், மருத்துவர் சான்று, ரசீது. நெஞ்சின்மேல் ஒரு கட்டிக் கற்பூரம் ஏற்றுகிறார்கள். தண்டவாளத்தில் தட்டு நகர்கிறது, இரும்புக் கதவு இறங்குகிறது. வெளியே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஒன்றரை மணி நேரத்துக்குள் பெயர்ச்சீட்டு ஒட்டிய மண்கலயம் கைக்கு வந்துவிடுகிறது. உள்ளே இரண்டு மூன்று கிலோ சாம்பல், இன்னும் சூட்டோடு.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க மூட்டத்துக்குக் காவல் இருக்க இன்று யாருக்கும் நேரமில்லை; வெட்ட மரமும் இல்லை. தகன மேடையில் ஒரு நல்லதையும் கண்டேன். ஊரில் தெருமுனையோடு திரும்பிவிடும் பெண்கள், இங்கே கதவு வரை வருகிறார்கள். மகள் கற்பூரம் ஏற்றியதைப் பார்த்தேன். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

*

நாலு பேர் இருந்தாலும் வழி இருக்க வேண்டுமே. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, சுடுகாட்டுக்குப் போகும் பாதை ஆதிக்க சாதியினரின் நிலத்தில் அடைபட்டிருந்ததால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தக் காட்சியைப் பார்த்த நாளில் என்னால் சாப்பிட முடியவில்லை. அடுத்த ஏப்ரலில், சென்னையில் கொரோனாவில் இறந்த மருத்துவரைப் புதைக்க விடாமல் கல்லெறிந்தார்கள். நண்பரான இன்னொரு மருத்துவர் நள்ளிரவில் மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார்.

அதே நோயைக் காரணம் காட்டி இலங்கையில், மண்ணில் அடக்கம் செய்வதையே மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம்களின் உடல்களை 2021 பிப்ரவரி வரை கட்டாயமாக எரித்தார்கள். பிறந்து இருபதே நாளான குழந்தையையும் விடவில்லை. கொழும்பு பொரளை மயானத்தின் கதவில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது 2024இல். எரிப்பதா, புதைப்பதா என்று ஆற அமர யோசிக்கிற எனக்கு, அந்த யோசனையே எவ்வளவு பெரிய சலுகை என்பது அன்று உறைத்தது.

*

எங்கள் பக்கத்துச் சுடுகாடுகளில் நுழைவிலேயே அரிச்சந்திரன் கல்லோ கோயிலோ இருக்கும். பாடையை அங்கே இறக்கி வைத்து, அவனிடம் உத்தரவு கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அரசனாக இருந்து மயானம் காத்தவன். பெற்ற மகனின் உடலுக்கே கூலி கேட்டவன். அவனைக் கும்பிடுகிறோம். அதே வேலையைப் பிறப்பின் பேரால் சுமந்துவரும் வெட்டியானோடு, நடுச் சுடுகாட்டில் நின்று நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். தூக்கிவந்த நாலு பேரும் குளித்துவிட்டு வீடு திரும்பிய பிறகு, விலகிய விறகைத் தள்ளிவிட்டு, நெருப்பு அணையாமல் விடிய விடியக் காத்திருப்பவர் அவர். நாலு பேர் கணக்கில் அவர் பெயரை யாரும் சேர்ப்பதில்லை.

*

பிள்ளைகளுக்கு எழுதி வைத்திருக்கிறேன். எரித்தாலும் சரி, புதைத்தாலும் சரி, மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தாலும் சரி, உங்களுக்கு எதில் மனசு ஆறுமோ அதைச் செய்யுங்கள். எல்லாச் சாதியாருக்கும் கதவு திறக்கிற மயானமாகப் பார்த்துக் கொண்டுபோங்கள். அங்கே வேலை செய்கிறவர் கேட்ட கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தெருவில் சாவு விழுந்தால், யார் வீடு, என்ன ஆட்கள் என்று பார்க்காமல் போய் நில்லுங்கள். தூக்க ஆள் குறைந்தால் தோள் கொடுங்கள்.