மறைத்தவர் யார்?

மணமான சில மாதங்களிலேயே அயல்நாட்டுக்குப் பிரயாணமாகும் பெண்கள் தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர்ப் பகுதிகளில் ஏராளமாக இருப்பதால், 2012-ல் தமிழிலும் வெளிவந்த ‘இங்கிலீஷ் விங்கிலீஷ்’ எழுப்பும் தர்ம விசாரம் இங்குள்ள குடும்பங்களுக்கு அந்நியமானதன்று. கௌரி ஷிண்டே இயக்கிய அப்படத்தில் ஸ்ரீதேவி ஏற்ற சசி என்னும் பாத்திரம் குடியேறப் போனவள் அல்லள். தமக்கை மகளின் விவாகத்துக்காக நியூயார்க் சென்றவள். ஆயினும், லட்டு விற்றுச் சேர்த்த பணத்தைக் கொண்டு நான்கு வார ஆங்கில வகுப்பில் சேர்ந்து, அதைக் கணவனுக்குத் தெரிவியாமலே கற்கிறாள்.

இவ்வாறு மறைப்பது தகுமா? ஒளிவுமறைவின்மையே தாம்பத்தியத்தின் ஜீவன் என்பாரின் ஆட்சேபத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆனால், உண்மையைச் சொல்லவேண்டிய கடமை, அதை நகையாமல் கேட்கவேண்டிய கடமையோடு பிணைந்தது. லட்டு பிடிக்கவே பிறந்தவள் என்று பலர் முன்னிலையில் மனைவியைப் பற்றிச் சொல்லும் கணவனும், தாயின் ஆங்கிலத்துக்கு நாணும் மகளும் அக்கடமையை நெடுநாள் முன்பே கைவிட்டிருந்தார்கள். ஆகவே சசியின்மேல் குற்றம் சுமத்த நியாயமில்லை.

பரீட்சையும் கல்யாணமும் ஒரே நாளில் வருகின்றன. கல்யாணத்துக்காகச் செய்த லட்டுகள் மகனின் குறும்பால் பாழாகிவிட, கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனையை மறுத்து, அவள் மீண்டும் லட்டு பிடிக்க உட்காருகிறாள்; பரீட்சை கைநழுவுகிறது. இதைப் பழைய அடக்கத்தின் வெற்றி என்று கொள்வது பிழை. எவருடைய கட்டளையுமின்றி, தன் கைவேலையின் தரத்தை விட்டுக்கொடுக்க மனமின்றி அவளே செய்த தீர்மானம் அது. இப்படத்தின் மிக உயர்ந்த கட்டமும் அதுவே.

சசிக்குத் தன் சம்பாத்தியமாவது இருந்தது. தாம்பரம் சானடோரியத்தில், 1984-ல் ஏற்பட்ட மெப்ஸ் என்னும் ஏற்றுமதி வளாகத்துக்கு அன்றாடம் வேலைக்குச் சென்று சொந்தச் சம்பளம் வாங்கிய பெண்ணொருத்தி, எச்-1பி என்னும் அமெரிக்க வேலை விசாவில் உள்ளவரை மணந்து, அத்தகையோரின் மனைவியருக்கான எச்-4 விசாவில் அமெரிக்கா சேர்ந்தால், அங்கே வேலை செய்யும் உரிமை அவளுக்குத் தானாக வாய்ப்பதில்லை. எச்-4 விசாவினர் சிலருக்கு வேலை அனுமதி தரும், 2015 மே 26 முதல் அமலுக்கு வந்த விதியும், கிரீன் கார்டு என்னும் நிரந்தரக் குடியுரிமைக்கான கணவரின் முயற்சி குறிப்பிட்ட கட்டத்தை எட்டியிருந்தாலொழியப் பெரும்பாலும் பயன்படாது. மனைவியின் ஜீவனோபாயம் கணவரின் மனுவைப் பற்றித் தொங்குகிறது. இதை நன்கறிந்த மாப்பிள்ளை, பெண் பார்க்க வந்த இடத்தில் வாய் திறவாதிருப்பாராயின், ஆங்கிலம் கற்றதை மறைத்த சசியைவிடப் பன்மடங்கு கனத்த மறைப்பைச் செய்தவராகிறார். ஏனெனில் அவள் மறைத்ததால் எவருடைய வாழ்வும் குறுகவில்லை, இவர் மறைப்பதால் ஒருத்தியின் வாழ்வு குறுகுகிறது.

ஜாதகத்தை இரண்டு ஜோசியர்களிடம் காட்டும் பெற்றோர், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே விசா என்ன, தங்கள் பெண் அங்கே வேலைக்குப் போக முடியுமா, எப்போது முடியும் என்று கூச்சமின்றிக் கேட்கட்டும். மாப்பிள்ளையோ, அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் தாமே சொல்லிவிட வேண்டும்.