பிள்ளைகளின் நட்பும் நம் வீட்டுப் பேச்சும்

 



“என் பையன் நல்லவன்தான் ஹஜ்ரத், சேர்க்கைதான் சரியில்லை.” பெற்றோர் என்னிடம் அதிகமாகச் சொல்வது இதைத்தான். சேர்க்கை ஆளை மாற்றும் என்பது உண்மை. நல்ல நண்பனுக்குக் கஸ்தூரி வியாபாரியையும் கெட்ட நண்பனுக்குக் கொல்லனின் துருத்தியையும் நபி (ஸல்) அவர்கள் உவமை காட்டினார்கள். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கும் அந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. நாம் அதை எப்போதும் அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்தே சொல்கிறோம். அந்த வீட்டில் நம் பிள்ளையைக் காட்டி அதையே சொல்லிக்கொண்டிருந்தால்? பக்கத்தில் உட்காரும் மாணவனுக்கு நம் பிள்ளை கஸ்தூரியா, துருத்தியா? இன்று அதை யோசியுங்கள்.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியல் சாதி மாணவர் ஒருவர், உடன் படிப்பவர்கள் தந்த தொல்லையால் பள்ளிக்குப் போகவே தயங்கினார். விஷயம் ஆசிரியர்களிடம் போனது. இரவில் அவர் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வந்தவர்கள் வெளியூர் ரவுடிகள் அல்ல, பள்ளி மாணவர்கள். தமிழக அரசு ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் தந்த அறிக்கையில், மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்ற பரிந்துரையும் இருந்தது. நல்ல பரிந்துரை. ஆனால் கயிற்றைப் பள்ளி வாசலில் அவிழ்த்துவிடலாம். யார் மேல், யார் கீழ் என்று மனதில் கட்டியிருக்கும் கயிற்றை யார் அவிழ்ப்பது? அந்தப் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பெரியவர்கள் பேசப் பேச, பிள்ளைகள் கேட்டு வளர்கிறார்கள்.

“நாமெல்லாம் ஒரே ஸஃப்பில் நிற்பவர்கள், நம்மிடம் அது கிடையாது” என்று சொல்லிவிடாதீர்கள். நம் நெம்மேலிப் பக்கத்தையே பாருங்கள். ஈசிஆர் நெடுகக் கட்டட வேலை. வட மாநிலங்களிலிருந்து குடும்பத்தோடு வந்து தங்கியிருக்கிறார்கள். கடலோரத்தில் மீனவ மக்களின் குப்பங்கள். இந்தப் பிள்ளைகளோடுதான் நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள், பஸ் ஏறுகிறார்கள், பந்து விளையாடுகிறார்கள். நம் வீட்டில் “வடக்கன்” என்ற சொல் எந்தத் தொனியில் வருகிறது? “குப்பத்துப் பசங்களோட சேராதே” என்று சொல்கிறோமே, எதைப் பார்த்துச் சொல்கிறோம்? குணத்தைப் பார்த்தா, தெருவைப் பார்த்தா? உருது பேசும் குடும்பம், தமிழ் பேசும் குடும்பம் என்று சம்பந்தம் பேசும்போது நம் வாயில் வருவதையும் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

அபூதர் (ரலி) எவ்வளவு பெரிய ஸஹாபி! அவரே ஒருமுறை ஒரு மனிதரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்திவிட்டார். அறியாமைக் காலத்துக் குணம் உம்மிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். புகாரியில் இருக்கிறது. பிறகு அவர் தாம் உடுத்தியது போன்ற துணியையே தம் அடிமைக்கும் உடுத்தினார். கேலியையும் பட்டப்பெயரையும் ஸூரா ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. நாமோ பெற்ற மகளையே நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டுச் சிரிக்கிறோம். செல்லமாம்! மறுநாள் அவள் வகுப்பில் இன்னொருத்தியை அப்படிக் கூப்பிட்டால், டீச்சர் யாரை அழைத்து விசாரிக்க வேண்டும்?

அடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் எப்போது கை ஓங்குவார்கள் என்று பயந்தே வளரும் பிள்ளை, வெளியில் தன்னைவிடச் சிறியவனை அடிக்கிறது. இல்லையென்றால் தன்னைவிட முரடனுக்கு அடங்கி, அவன் நீட்டும் பீடியையும் போதைப் பொருளையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கிக்கொள்கிறது.

சிறுவர் அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். போகும் வழியில் கடைத்தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அனஸ் அங்கே நின்றுவிட்டார். பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் நபி (ஸல்) அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்! ‘உனைஸ்’ என்று செல்லமாக அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று மட்டும் கேட்டார்கள். இதோ போகிறேன் என்றார் அனஸ். முஸ்லிமில் பதிவான சம்பவம் இது. நம் பையனை நண்பர்கள் மத்தியில் அப்படிப் பிடித்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? அத்தனை பேர் முன்னால் முதுகில் ஒன்று வைத்து இழுத்து வந்திருப்போம். பிறகு அவன் நண்பன் யார் என்பதை நம்மிடம் சொல்லவே மாட்டான்.

ஆயிஷா (ரலி) அவர்களுடன் விளையாட வரும் சிறுமிகள், நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒளிந்துகொள்வார்களாம். அவர்களை மறுபடியும் விளையாட அனுப்பி வைப்பார்கள் நபியவர்கள். இதுவும் புகாரியில் உண்டு. அத்தாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் கலைந்து ஓடும் வீடு உங்களுடையது என்றால், அவர்கள் எங்கே போய்க் கூடுகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தீர்களா?

உங்கள் பிள்ளையின் நண்பர்களில் மூன்று பேரின் பெயர் தெரியுமா? அவர்களின் பெற்றோர் என்ன வேலை செய்கிறார்கள், எங்கே குடியிருக்கிறார்கள்? தெரியாவிட்டால் இந்த ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு அவர்களை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். குப்பத்துப் பிள்ளையும் வரட்டும், கட்டட வேலைக்காரரின் பிள்ளையும் வரட்டும். தாய்மார்களே, பெரிதாக ஒன்றும் வேண்டாம், டீயும் சுண்டலும் போதும். எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் கொடுங்கள். அத்தாமார்களே, அந்த ஒரு மணி நேரம் போனைத் தூர வைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை எங்களுக்கும், அவர்களோடு படிக்கும் பிள்ளைகளுக்கும் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.