குறை சொல்லும் தர்மம்

சத்தியத்தைச் சொல்வது அறம். பிறர் மனம் நோகாமல் பேசுவதும் அறம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணும் வேளையில் எதைப் பற்றி நிற்பது என்னும் கேள்வி தத்துவ நூல்களில் மட்டும் எழுவதன்று; ஒரு பிள்ளை வகுப்பின் முன்னே நின்று நடுங்கும் குரலில் சில நிமிஷங்கள் பேசிவிட்டு, இனி என்ன சொல்லப்போகிறாரோ என்று ஆசிரியரின் முகத்தை ஏறிட்டு நோக்கும்போதெல்லாம் அது எழுந்துகொண்டேதான் இருக்கிறது. பி.எட். படிப்பின் அங்கமான கற்பித்தல் பயிற்சிக்காக ஓர் அரசுப் பள்ளிக்குச் சென்று, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டு அபிப்பிராயம் சொல்லும் பொறுப்பை ஏற்றபோது, பாடக்குறிப்பு எழுதுவதைவிட இக்கேள்விக்கு விடை காண்பதே எனக்குப் பெரும் கஷ்டமாக இருந்தது.

மாணவரைப் பேசவைப்பது இக்காலக் கல்வியாளர் கண்ட புதுமையன்று. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், ஆசிரியரிடம் கேட்பதனால் புலமையில் கால் பங்கே கைகூடும், உடன் பயில்வாரோடு பழகுவதனால் இன்னொரு கால் பங்கு சேரும், எஞ்சிய அரைப் பங்கோ கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும் என்று வகுத்துச் சொல்லியிருக்கிறார். அப்படியாயின், பேச எழுந்த பிள்ளையைக் கடுஞ்சொல்லால் வாயடைக்கச் செய்பவர், அதன் கல்வியில் பாதியைப் பறித்தவராகிறார்.

இந்தப் பாவத்துக்கு அஞ்சியே பயிற்சி ஆசிரியர் பலர் எல்லாரையும் "மிக நன்று" என்று சொல்லி உட்காரவைத்துவிடுகிறார்கள். அதற்குத் திருக்குறளிலேயே ஆதாரம் உண்டென்றும் சிலர் கருதலாம். தீமை விளைக்காத சொல்லே வாய்மை என்று வரையறுத்த வள்ளுவர், குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று அடுத்த குறளிலேயே இடம் கொடுக்கிறார் அல்லவா? ஆனால், அந்த நன்மை குற்றமற்றதாக இருக்கவேண்டும் என்று அவர் விதித்த நிபந்தனை மிகக் கடுமையானது. பொய்ப் பாராட்டு பிள்ளையை அன்றைக்கு மகிழ்வித்து, மறு வருஷமும் அதே குறையோடு அவையில் நிற்கவைக்கிறது. மெய்யாகவே நன்றாகப் பேசிய பிள்ளைக்குக் கிடைத்த பாராட்டையும் மதிப்பிழக்கச் செய்கிறது. ஆகவே அந்த விலக்கில் இதற்குப் பங்கில்லை.

பௌத்த நூலாகிய மஜ்ஜிம நிகாயத்தில் அபயன் என்னும் ராஜகுமாரன், பிறர்க்கு இனிமையல்லாத சொல்லையும் ததாகதராகிய தாங்கள் சொல்வதுண்டா என்று புத்தரைக் கேட்கிறான். அவன் மடியிலிருந்த குழந்தையைக் காட்டி, இது ஒரு குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று அவர் வினவ, இரத்தம் வந்தாலும் எடுத்துவிடுவேன், குழந்தையின்மேல் உள்ள இரக்கத்தினால் என்கிறான் அவன். மெய்யும் பயனும் உடைய சொல் கேட்பவர்க்கு இன்னாததாயினும், அதைச் சொல்வதற்குரிய காலத்தைத் தாம் அறிவதாகப் புத்தர் விடை பகர்கிறார். சத்தியமா கருணையா என்று நாம் கட்டிய வழக்கு இங்கே தள்ளுபடியாகிவிடுகிறது. கருணையே சத்தியத்தைப் பேசவைக்கிறது.

அந்தக் காலமறிதலை எனக்கு வழிகாட்டிய ஆசிரியையிடம் கண்டேன். தன் ஊர்க் கண்மாயைப் பற்றி மனப்பாடம் செய்து வந்த மாணவி ஒருத்தி நடுவே ஒரு சொல் மறந்து நின்றுவிட, பின் வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஆசிரியை குறையைத் தொடவேயில்லை. "கலிங்குன்னு சொன்னியேம்மா, அது என்ன? இங்கே பாதிப் பேர் பார்த்ததில்லை" என்று மட்டும் கேட்டார். "கண்மாய் நிறைஞ்சு மிஞ்சினா தண்ணி தானா வெளியே போற இடம் டீச்சர்" என்று தொடங்கியவள், மழைக்காலத்தில் அங்கே ஊரே திரண்டு மீன் பிடிப்பதையும் கைகளை வீசி வருணித்தாள். சிரித்தவர்கள் வாய் திறவாமல் கேட்டார்கள். அதன் பிறகே ஆசிரியை சொன்னார்: "மனப்பாடம் பண்ணினதைச் சொல்றப்போ சுவரைப் பார்த்தே, கலிங்கைப் பத்திச் சொல்றப்போ எங்களைப் பார்த்தே. அடுத்த தடவை முதல்லேருந்தே எங்களைப் பார்த்துப் பேசு."

மனத்தைக் கலக்காமை, மெய், இனிமை, நன்மை ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த பேச்சையே வாக்கினால் செய்யும் தவம் என்கிறது கீதையின் 17-ஆம் அத்தியாயம். மெய்யாக இருப்பதனால் கடுமைக்கு மன்னிப்பில்லை. இனிமையாக இருப்பதனால் பொய்க்கும் மன்னிப்பில்லை. அந்த ஆசிரியையின் சொற்களில் நான்கும் இருந்தன. அவரிடம் தனிச் சாமர்த்தியம் இருந்தது என்பதைவிட, மாணவியின் கண் எப்போது சுவரிலிருந்து வகுப்பின் பக்கம் திரும்பியது என்பதைக் காணுமளவுக்கு அவர் ஊன்றிக் கேட்டார் என்பதே அதற்குக் காரணம். பிறர் குறையைச் சொல்லும் அதிகாரம் பதவியினால் வருவதன்று. முழு மனத்தோடு கேட்டவருக்கே அது உரியது.

ஆசிரியத் தொழிலுக்கு வரும் இளைஞர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். பிள்ளை பேசும்போது மதிப்பெண் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். கேட்ட பின், மெய்யைச் சொல்லாமல் அந்தப் பிள்ளையை இருக்கைக்கு அனுப்பாதீர்கள்.