மோனையும் மந்திரமும்

செய்யுளின் சீர்களோ அடிகளோ முதலெழுத்தால் ஒன்றி வருவது மோனை. இரண்டாம் எழுத்தால் ஒன்றுவது எதுகை. தொல்காப்பியர் இவற்றோடு முரணையும் இயைபையும் சேர்த்துத் தொடை நான்கு என்கிறார். அளபெடையை ஐந்தாவதாக வைக்கிறார். முதலெழுத்து அப்படியே திரும்ப வந்தால்தான் மோனை என்பதில்லை. அ, ஆ, ஐ, ஔ ஓரினம். இ, ஈ, எ, ஏ ஓரினம். உ, ஊ, ஒ, ஓ ஓரினம். மெய்களில் சகரமும் தகரமும், ஞகரமும் நகரமும், மகரமும் வகரமும் ஒன்றுக்கொன்று இனமாக நிற்கும். அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை வழியே மாணவர்கள் காலங்காலமாகப் பயின்றுவரும் இலக்கணம் இது.

இந்த இலக்கணம் கோயில் முழக்கத்திலும் உயிரோடு இருக்கிறது. அந்தமான் தலைநகரான போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வெற்றிமலை முருகன் கோயில் உள்ளது. பங்குனி உத்திரத்துக்கு அங்கே காவடி எடுக்கிறார்கள். முருகன் கோயில்கள் எங்கும் ஒலிக்கும் ‘வெற்றிவேல், வீரவேல்’ என்ற முழக்கத்தில் ‘வெ’யும் ‘வீ’யும் இன எழுத்துகள், எனவே மோனை. இரண்டும் ‘வேல்’ என்றே முடிவதால் இயைபும் உண்டு. ‘வெற்றிமலை முருகன்’ என்ற பெயரிலோ வகரமும் மகரமும் இனமாக இருந்தும் எகரமும் உகரமும் வேறினம். ஆகவே மோனை அமையவில்லை.

அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் தமிழர்கள் பல அலைகளாக வந்தவர்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் சிலர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். இப்படிக் கடல் கடந்து போகிறவர்களோடு ஏடுகளைவிட நாவில் நின்ற தொடர்களே எளிதாகக் கூடப் போகும். மோனை அந்த நினைவுக்குப் பிடிமானம்: ஒரு சொல் வாயில் எழுந்ததும் அதன் இனச்சொல் தானே வந்து நிற்கும்.

இங்கேதான் பழைய தத்துவக் கேள்வி ஒன்று எழுகிறது. தெய்வத் தொடரின் ஆற்றல் ஒலியில் இருக்கிறதா, பொருளில் இருக்கிறதா? வேத மந்திரங்களுக்குப் பொருளே இல்லை என்று கௌத்சர் வாதிட்டதையும், அதற்குத் தாம் தந்த மறுப்பையும் யாஸ்கர் தமது நிருக்தத்தில் பதிவு செய்திருக்கிறார். பின்வந்த மீமாம்சகர்களும் மந்திரத்துக்குப் பொருள் உண்டு என்றே நிறுவினார்கள். இருபதாம் நூற்றாண்டில் டச்சு அறிஞர் ஃபிரிட்ஸ் ஸ்டால் கௌத்சரின் பக்கம் சாய்ந்தார். 1975-இல் கேரளத்தின் பாஞ்ஞாளில் நடந்த அக்னிசயன வேள்வியை ஆவணப்படுத்திய அவர், சடங்கிலும் மந்திரத்திலும் விதிகள் உண்டு, பொருள் இல்லை என்றார்.

தொல்காப்பியர் இக்கேள்வியை வேறு வழியில் அணுகுகிறார். பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி (விடுகதை), அங்கதம், முதுசொல் (பழமொழி) என யாப்பின் வகைகளை அவர் ஏழாக அடுக்குகிறார். இவற்றுள் வாய்மொழியை உரையாசிரியர்கள் மந்திரம் என்பார்கள். நிறைந்த மொழியுடையோர் தம் ஆணையால் சொன்ன மறைமொழியே மந்திரம் என்பது தொல்காப்பியர் தரும் விளக்கத்தின் சாரம். ஆக, மந்திரம் மனித மொழிக்கு வெளியே நிற்கும் வெற்றொலி ஆகாது. அது விடுகதையோடும் பழமொழியோடும் ஒரே வரிசையில் நிற்கும் மொழியாக்கம். சொன்னவரின் நிறைவே அதற்கு வலிமை.

ஒலியை எல்லைவரை கொண்டுபோன பக்திக் கவிஞர் பதினைந்தாம் நூற்றாண்டின் அருணகிரிநாதர். அவரது கந்தரந்தாதியின் ஐம்பத்து நான்காம் செய்யுள் முழுவதும் தகர வருக்க எழுத்துகளாலேயே ஆனது. கேட்பவர் காதில் அது முதலில் தாளச் சொற்கட்டாகவே விழும். பதம் பிரித்தால் முருகனை நோக்கிய வேண்டுதல் வெளிப்படும். வாதில் தோற்றவர்களின் காதை அறுத்துவந்த வில்லிபுத்தூரார் இந்தச் செய்யுளுக்குப் பொருள் சொல்ல முடியாமல் தோற்றார் என்பது மரபுக்கதை. அக்கதையில் வெற்றியை முடிவு செய்தது ஒலியின் அருமை மட்டும் அன்று. அந்த ஒலிக்குள் பொருள் இருந்தது என்பதே வாதின் மையம்.

சைவ சித்தாந்தம் இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறது. ‘நமசிவாய’ என்ற ஐந்தெழுத்தில் மோனையும் இல்லை, எதுகையும் இல்லை. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ஐந்தெழுத்துக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். அம்மரபில் சிகரம் சிவம், வகரம் அருள், யகரம் உயிர், நகரம் திரோதம் (மறைப்பாற்றல்), மகரம் மலம் (உயிரைப் பற்றிய மாசு). நகர மகரங்கள் முன்னிற்கும் ‘நமசிவாய’ தூல ஐந்தெழுத்து. சிகரம் முன்னிற்கும் ‘சிவாயநம’ வீடு நோக்கிய சூக்கும ஐந்தெழுத்து. எழுத்துகள் அவையே, வரிசை மாறினால் பயன் மாறுகிறது. ஓசையின் இனிமைக்கு இங்கே வேலை இல்லை. ஒவ்வோர் எழுத்தும் சுட்டும் பொருளும் அவை நிற்கும் முறையுமே மந்திரத்தை ஆக்குகின்றன.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மோனையின் இடம் தெளிவாகும். மந்திரத்தன்மைக்கு மோனை கட்டாயம் இல்லை என்பதற்கு ஐந்தெழுத்தே சான்று. மோனை வெறும் அலங்காரமும் இல்லை. ஏடு எட்டாத இடத்திலும் அது தொடரை நாவில் நிறுத்துகிறது. கூட்டத்தைச் சேர்ந்து ஒலிக்கவைக்கிறது. பொருள் புரியும் முன்பே ஒருவர் அந்தத் தொடரைச் சொல்லத் தொடங்கலாம். பொருளை விளங்கிக்கொள்வது பின்னர் அவரவர் ஓதலுக்கும் கேள்விக்கும் உரியது.